பழைய பியட் வண்டியை டிங்கரிங், பெயின்டிங்குக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

நேற்று மாலை பின்சக்கரம் பஞ்சரானதால், என் அப்பாவின் 1976ஆம் ஆண்டு பியட்டான பிரீமியர் பத்மினிக்கு அடியில் ஜாக்கியை வைத்துத் திருகினேன். வண்டி மேலே எழும்பவில்லை. ஜாக்கிதான் வண்டிக்குள் ஏறியது. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதியை, டிங்கர்கள் ரன்னிங் போர்டு என்று சொல்வதை, வண்டி வேலைக்கு 1,85,000 ரூபாய் வாங்கிய பட்டறைக்காரர்கள் புதிதாகச் செய்து கொடுத்ததாகச் சொன்னார்கள். அதிலிருந்து பட்டித் (பள்ளத்தை நிரப்பத் தடவும் பசை) துண்டுகளும், கம்பி வலையும், கசக்கித் திணித்த செய்தித்தாளும் தரையில் கொட்டின. வண்டி கைக்கு வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல என்பதால்தான் இரவோடு இரவாக எழுதுகிறேன். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு இருப்பது போல பத்மினிக்குத் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. அதன் உடற்கூடே அடிச்சட்டம். தரைத் தகரமும் இரண்டு பக்க ரன்னிங் போர்டுகளும் சேர்ந்துதான் வண்டியின் எடையைத் தாங்குகின்றன. அந்த இடத்தில் காகிதத்தைத் திணித்து மேலே பளபளப்பாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதில்தான் இத்தனை நாளும் என் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன்.

சென்னையின் தெற்குப் புறநகரில் உள்ள, பழைய கார்களைப் புதுப்பித்துத் தருவதாகச் சொல்லும் ஒரு பட்டறை அது. வீட்டுச் சேவைகளுக்கும் வண்டி வேலைகளுக்கும் ஆள் பிடித்துத் தரும் ஒரு செயலி வழியாக அவர்களைக் கண்டுபிடித்தேன். அப்பா போய் மூன்று வருடமாக வண்டி உறையிட்டு நின்றிருந்தது. கடற்காற்று அதன் வேலையைக் காட்டிவிட்டது. 50 ஆண்டு நிறைந்தால், 2021இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யலாம், அதற்கு உடற்கூடு பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்று படித்திருந்ததால், அதற்குள் வண்டியை அதன் பழைய உருவத்திலேயே சரிசெய்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

நான் எந்த இடத்தில் நம்பினேன் என்பதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்களையும் அந்த இடத்தில்தான் பிடிப்பார்கள். பட்டறைக்காரர் வீட்டுக்கு வந்ததும் விலை பேசவில்லை. டிக்கியின் விரிப்பைத் தூக்கி, ஓட்டை விழுந்திருந்த மூலையை எனக்குக் காட்டினார். சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு காந்தத்தை எடுத்துப் பின்பக்க மட்கார்டில் வைத்தார். அது ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. "சார், இதுக்கு முன்னாடி வேலை பார்த்தவன் உங்கப்பாவை ஏமாத்தியிருக்கான். துருவை எடுக்காம மேல பட்டியைப் போட்டு மூடியிருக்கான். நாங்க ஷீட்டை வெட்டி எடுத்துட்டுத்தான் மறுவேலை பார்ப்போம்" என்றார். நோயை அவரே காட்டியதால் மருந்தையும் அவரே தருவார் என்று நம்பினேன். பெயின்ட் முழுவதையும் உரித்துச் சாம்பல் நிற பிரைமரில் (அடிப்பூச்சில்) நிற்கும் ஒரு பியட்டின் புகைப்படங்களைக் காட்டினார். அவை வேறு யாரோ தன் வண்டியை எடுத்துப் போட்ட படங்கள் என்று போன வாரம்தான் தெரிந்தது.

அன்றே முன்பணம் 60,000 கொடுத்தேன். டிங்கரிங் முடிந்துவிட்டது என்று போன் வந்தபோது 75,000. வண்டியை எடுக்கும்போது 50,000. ஆக மொத்தம் 1,85,000 ரூபாய்.

அந்த நடுத் தவணைதான் என் பெரிய தவறு. வெட்டி ஒட்டிய தகரத்தை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பினேன். பார்க்க வருகிறேன் என்று மூன்று முறை கேட்டேன். ஒரு முறை வெல்டிங் ஆள் வரவில்லை என்றார்கள். ஒரு முறை பெயின்ட் அடிக்கும் பூத்துக்குள் தூசி போகும், வெளியாட்களை விட முடியாது என்றார்கள். மூன்றாம் முறை போனபோது வண்டி முழுவதும் பிரைமர் அடித்து முடித்திருந்தது. பிரைமர் ஏறிவிட்டால் அடியில் தகரம் இருக்கிறதா, பட்டி இருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் தேடி வாங்கிய ரன்னிங் போர்டு என்று சொல்லி 12,000 ரூபாயை அந்தத் தொகைக்குள் சேர்த்திருந்தார்கள். வெள்ளைத் தாளில் எழுதிய கணக்கு, ரசீது கிடையாது.

ஜூன் மாதம் வண்டி வந்தபோது தெருவே பார்த்தது. அப்பா வைத்திருந்த அதே வெளிர் பால் நிறம். அம்மா பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு எதுவும் பேசாமல் உள்ளே போனார். அன்று பட்டறைக்காரருக்குச் சாப்பாடு போட்டு அனுப்பினோம் என்பதை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவும்போதுதான் முதல் கொப்புளத்தைப் பார்த்தேன். பின்பக்கத் துடுப்பு போன்ற விளிம்புக்குக் கீழே மிளகளவில் நான்கைந்து. பத்து நாளில், அடைமழைக்குப் பிறகு, அவை கதவின் அடிப்பகுதி முழுவதும் பரவின. போன் செய்தேன். "மழைக்காலம் சார், ஈரம் ஏறியிருக்கும், நாலு நாள் வெயில்ல நிறுத்துங்க, தானா அமுங்கிடும்" என்றார். வெயில் பட்டால் அடியில் சிக்கிய ஈரம் ஆவியாகிக் கொப்புளத்தை இன்னும் தூக்கத்தான் செய்யும், அப்படியே நடந்தது. அடுத்த முறை பெயின்ட் கம்பெனியின் சரக்கு சரியில்லை என்றார். அதற்கடுத்த முறை, வேலை பார்த்த டிங்கர் ஊருக்குப் போய்விட்டார், வந்ததும் அனுப்புகிறேன் என்றார். பிறகு போனை எடுக்கவில்லை. நேரில் போனேன், "அண்ணன் வெளியே போயிருக்காரு" என்றான் ஒரு பையன். அண்ணனின் வண்டி வாசலிலேயே நின்றது.

அந்தச் செயலியில் புகார் செய்தால், தாங்கள் இரு தரப்பையும் இணைப்பவர்கள் மட்டுமே, அதுவும் வேலை முடிந்து 30 நாளுக்குள் புகார் வந்திருக்க வேண்டும் என்று ஒரே பதிலை மூன்று முறை ஒட்டி அனுப்பினார்கள். பட்டிக்கு அடியில் மறைத்த துரு 30 நாளில் வெளியே வருமா? நான் எழுதிய விமர்சனத்தையும் எடுத்துவிட்டார்கள். 1,85,000 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த மரியாதை இவ்வளவுதான்.

இன்று காலை எங்கள் பகுதியில் நாற்பது வருடமாகத் தொழில் செய்யும் ஒரு டிங்கரை அழைத்து வந்து கதவின் அடிப்பகுதியைச் சுரண்டச் சொன்னேன். பெயின்ட்டின் கனத்தை அளக்கும் கருவி ஒன்று அவர் மகனிடம் இருந்தது. முறையாகச் செய்த மறுபெயின்டிங்கில், பட்டி போடாத இடத்தில் எல்லாப் பூச்சும் சேர்ந்து சில நூறு மைக்ரானுக்குள் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) நிற்கும் என்றார். என் கதவில் 1,400 காட்டியது. பழைய பெயின்ட்டை உரிக்கவே இல்லை. உப்புத்தாளால் மேலாகத் தேய்த்துவிட்டு, துருவின் மீதே பட்டியை அப்பியிருக்கிறார்கள். பத்மினியின் பக்கவாட்டில் ஓடும் மடிப்புக் கோடுகூடப் பட்டியைத் தேய்த்த தேய்ப்பில் மழுங்கிப் போயிருக்கிறது.

அவர் சொல்லச் சொல்லத்தான் நான் எதற்குப் பணம் கொடுத்தேன், எது நடக்கவில்லை என்பது புரிந்தது. துருப்பிடித்த இடத்தை நல்ல தகரம் வரும்வரை வெட்ட வேண்டும். ரன்னிங் போர்டை வெட்டும் முன் கதவுத் திறப்பில் குறுக்கே கம்பி வைத்துப் பற்றவைக்க வேண்டும். இல்லையென்றால் கூடு தொய்ந்து கதவே சேராது. புதுத் தகரத்தை சிஓ2 வெல்டிங்கில் இடம் மாற்றி மாற்றிப் புள்ளியாக வைக்க வேண்டும். ஒரே இழுப்பில் வைத்தால் சூட்டில் தகரம் நெளியும். வெறும் இரும்பு தெரிந்த அன்றே, ஈரக் காற்று படிந்து மறுபடி துரு பூக்கும் முன், ஈரத்தைத் தடுக்கும் எப்பாக்சி பிரைமர் ஏற வேண்டும். பட்டி அதற்கு மேல்தான், அதுவும் மேடுபள்ளத்தைச் சமன் செய்யும் அளவுக்கு, இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மிகாமல். பட்டியில் டால்க் போன்ற தூள் கலந்திருப்பதால் அது ஈரத்தை உறிஞ்சும். அடியில் துரு இருந்தால் அது ஈரத்தைத் துருவுக்கே ஊட்டிக்கொண்டிருக்கும். துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் மேலே இருப்பதை எல்லாம் தள்ளிக்கொண்டு எழும். அதுதான் ஆயுத பூசை அன்று நான் பார்த்த மிளகுக் கொப்புளம்.

இதற்கு மேல் விவரமாக, எந்த நம்பர் உப்புத்தாள், எந்த பிரைமர் என்று வரிசையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

வெறும் தகரம் தெரியும் நிலையில் நேரில் பார்க்காமல் இரண்டாம் தவணை கொடுக்காதீர்கள். பார்க்க விடாத பட்டறையிலிருந்து வண்டியை அன்றே இழுத்து வந்துவிடுங்கள். வெட்டி எடுத்த பழைய தகரத்தைக் கேட்டு வாங்குங்கள். வெட்டியிருந்தால் அது இருக்கும். கணக்கை ரசீதாகவே வாங்குங்கள், வெள்ளைத் தாள் வேண்டாம். ஏமாந்திருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நான் திங்கட்கிழமை போடுகிறேன், 1,85,000 ரூபாய்க்கும். இன்னொன்று, வண்டியை எடுக்கும் அன்று பெயின்ட்டைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், பட்டறையிலேயே இரண்டு பக்கமும் ஜாக்கி வைத்துத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.