ஜிடிஎம், எஸ்டிடிஎம், லைட்டிஎம்: லினக்ஸில் எந்த உள்நுழைவுத் திரை?

லினக்ஸ் கணினி தொடங்கியதும் கடவுச்சொல் கேட்கும் திரையைக் காட்டும் நிரல்கள்தான் இந்த மூன்றும். க்னோம் டெஸ்க்டாப் பயன்படுத்துகிறீர்களா? ஜிடிஎம்மில் கை வைக்காதீர்கள். க்னோமின் திரைப்பூட்டு ஜிடிஎம்மை நம்பித்தான் இயங்குகிறது. அதை எடுத்துவிட்டு லைட்டிஎம் போட்டால் உள்ளே நுழைய முடியும், ஆனால் எழுந்து போகும்போது திரையைப் பூட்ட வேறு வழி தேட வேண்டியிருக்கும்.

ஜிடிஎம் கனமானது என்ற புகார் நியாயமானதே. கடவுச்சொல் கேட்கும் அந்த ஒரு திரைக்காகவே க்னோம் டெஸ்க்டாப்பின் முகப்பு நிரலான க்னோம் ஷெல் ஓடுகிறது. ஆனாலும் அந்தக் கனத்தால் கிடைப்பதையும் பார்க்க வேண்டும். சூப்பர் (விண்டோஸ் விசை), ஆல்ட், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஓர்கா திரைவாசிப்பான் பேசத் தொடங்கும். பார்வையற்ற ஒருவர் யாரையும் கூப்பிடாமல் தானே லாகின் செய்யலாம். எனக்கு இது நினைவகச் சிக்கனத்தைவிடப் பெரிய விஷயம்.

எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப் ஓடும் பழைய கணினி என்றால் கண்ணை மூடிக்கொண்டு லைட்டிஎம். உபுண்டு லினக்ஸ் தன் 11.10 பதிப்பில் ஜிடிஎம்மை விட்டு இதற்கு வந்தது. 2017இல் தன் சொந்த டெஸ்க்டாப்பான யூனிட்டியைக் கைவிட்டபோது 17.10இல் ஜிடிஎம்முக்கே திரும்பியது. ஆனால் லினக்ஸ் மின்ட், சுபுண்டு இரண்டும் லைட்டிஎம்மைத் தொடர்ந்து பயன்படுத்தி வருகின்றன. பின்னணியில் ஓடும் சேவை வேறு, கண்ணுக்குத் தெரியும் கிரீட்டர் வேறு என்பதுதான் இதன் அழகு. கான்ஃபிக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் முகமே மாறிவிடும். குறை, திரையில் படம் காட்டும் புதிய முறையான வேலண்டில்தான்: வேலண்ட் செஷனைத் தொடங்கிவைக்கும், ஆனால் வழக்கமான கிரீட்டர்கள் இன்னும் பழைய முறையான எக்ஸ் மேல்தான் ஓடுகின்றன.

கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்புக்கு எஸ்டிடிஎம் பொருத்தம். க்யூஎம்எல் என்ற இடைமுக மொழியில் எழுதிய தீம்களை செட்டிங்ஸிலிருந்தே மாற்றலாம். அலங்காரத்தில் மற்ற இரண்டும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் கண்ட தீம்களையெல்லாம் இறக்காதீர்கள். 2024இல் பிளாஸ்மா 6 வந்து, அடியில் உள்ள க்யூடி நிரல்தொகுப்பின் 6ஆம் பதிப்புக்கு மாறியபோது பழைய தீம்கள் பல உடைந்தன. தீம் ஏறாவிட்டால் பிழைச்செய்தியோடு ஒரு மொட்டைத் திரை வரும். அதிலும் லாகின் செய்யலாம், பயப்பட வேண்டாம்.

எதை வைத்தாலும், தமிழ்99 விசைப்பலகை போடுபவர்கள் ஆங்கில லேஅவுட்டை முதலாவதாக வையுங்கள். கடவுச்சொல் பெட்டியில் புள்ளிகள்தான் தெரியும். விழுவது தமிழ் எழுத்து என்பதே தெரியாமல் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருப்பீர்கள்.

டெபியன், உபுண்டுவில் இரண்டாவதாக ஒரு உள்நுழைவு நிரலை நிறுவும்போதே எது வேண்டும் என்று கேட்கும். மாற்றிய பின் திரை கறுப்பாக நின்றால் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி டெர்மினலில் நுழைந்து பழையதற்குத் திரும்பிவிடலாம்.