ஸ்டாலின்கிராட் வளையத்திலிருந்து மூன்று வழிகள்: எது தேறியிருக்கும்?

இரண்டாம் உலகப் போரில், ஜெர்மானியர்கள் பிடிக்க முயன்ற வோல்கா நதிக்கரை நகரம் ஸ்டாலின்கிராட். அங்கே 1942 நவம்பர் 19 அன்று டான் ஆற்றங்கரையில் தொடங்கிய சோவியத் எதிர்த்தாக்குதலின் இரண்டு கைகளும் 23-ஆம் தேதி கலாச் அருகே கோத்துக்கொண்டன. ஜெர்மனியின் ஆறாவது ராணுவம், நான்காவது டேங்க் ராணுவத்தின் ஒரு பகுதி, ருமேனியத் துருப்புகள் என இரண்டரை லட்சம் பேருக்கு மேல் உள்ளே சிக்கினார்கள். ஆறாவது ராணுவத் தளபதி பவுலஸ் 22-ஆம் தேதி மாலை அனுப்பிய செய்தி சுருக்கமானது: உணவு ஆறு நாளுக்கு, பெட்ரோல் தீரப்போகிறது, குண்டுகளுக்குத் தட்டுப்பாடு.

அப்போது பேசப்பட்ட வழிகள் மூன்று. உடனே உடைத்துக்கொண்டு வெளியேறுவது, அங்கேயே இருந்து விமானம் கொண்டுவருவதை வைத்துச் சமாளிப்பது, மீட்புப் படை வரும்வரை தாக்குப்பிடிப்பது. இவற்றைத் தனித்தனியாக எடைபோடுவதில்தான் பல அலசல்கள் தவறுகின்றன. மூன்றுக்கும் பெட்ரோலும் விமானமும் ஒரே கையிருப்பிலிருந்து வரவேண்டியிருந்தது. ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்று பட்டினி.

உடைத்து வெளியேறுதல்

முதல் சில நாட்களில் தென்மேற்கில் சோவியத் வளையம் மெலிதாகவே இருந்தது. உள்ளே இத்தனை பேர் இருப்பார்கள் என்று சோவியத் தலைமையும் எதிர்பார்க்கவில்லை. அவர்கள் போட்ட கணக்கு தொண்ணூறாயிரத்துக்குள். ஆனால் பவுலஸின் டிவிஷன்களில் பெரும்பாலானவை வோல்காவையும் வடக்கையும் பார்த்து நின்றன. அவற்றைத் திருப்பித் தென்மேற்கில் குவிக்கவே சில நாள் ஆகும், அதற்கும் பெட்ரோல் செலவாகும். தீவனம் இல்லாததால் பீரங்கி இழுக்கும் குதிரைகளில் பெரும்பகுதியைக் குளிர்காலத்துக்கு முன்பே மேற்கே அனுப்பியிருந்தார்கள். ஆகவே கனரகப் பீரங்கிகளையும் நடக்க முடியாத காயக்காரர்களையும் விட்டுவிட்டுத்தான் கிளம்பியிருக்க முடியும்.

இந்த வழியை எதிர்ப்பவர்கள் காட்டும் சான்று 94-வது காலாட்படை டிவிஷன். 51-வது கோரின் (பல டிவிஷன்கள் சேர்ந்த படைப்பிரிவு) தளபதி சைட்லிட்ஸ், பவுலஸின் கையை முறுக்கி வெளியேற வைத்துவிடலாம் என்று நினைத்து, மேலிட உத்தரவு இல்லாமலே நவம்பர் 23 இரவு வடகிழக்கு முனையைக் காலி செய்தார். தூக்க முடியாததையெல்லாம் கொளுத்தினார்கள். நெருப்பைப் பார்த்த 62-வது சோவியத் ராணுவம், பதுங்குகுழியை விட்டு வெட்டவெளிக்கு வந்த அந்த டிவிஷனை நொறுக்கியது. (வேடிக்கை என்னவென்றால், யார் செய்தது என்று தெரியாத ஹிட்லர், வடபகுதியை உறுதியாகக் காக்கும் பொறுப்பை அதே சைட்லிட்ஸிடம் கொடுத்தார்.) ஒரு டிவிஷன் தனியாகப் பின்வாங்கியதை வைத்து முழு ராணுவத்தின் பாய்ச்சலை மதிப்பிட முடியாது. ஆனாலும் எந்த மாதிரி விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்பதற்கு அது அடையாளம்தான்.

விமான விநியோகம்

இது கணக்கிலேயே தோற்ற வழி. ஆறாவது ராணுவம் கேட்டது நாளுக்கு 750 டன், பிறகு 500 ஆனது, உயிர்பிழைக்க 300. விமானப்படைத் தலைவர் கோரிங் 500-க்கு உறுதி கொடுத்தார். களத்திலிருந்த விமானப்படைத் தளபதிகள் ரிச்த்ஹோஃபெனும் ஃபீபிக்கும் முடியாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

யுங்கர்ஸ் 52 என்ற சரக்கு விமானம் ஒன்று சுமப்பது ஏறக்குறைய இரண்டு டன். 300 டன் இறங்க நாளுக்கு 150 விமானம் தரைதொட வேண்டும். அந்தக் குளிரில் பறக்கும் நிலையில் இருந்தது மூன்றில் ஒரு பங்குதான். அப்படியென்றால் தளத்தில் 450 நிற்கவேண்டும், அதுவும் ஒன்றுகூட விழாமல். உள்ளே இரவிலும் இறங்க விளக்கு வசதி இருந்தது பிடோம்னிக் தளத்தில் மட்டுமே. அதே ஆண்டு முன்னதாக டெம்யான்ஸ்கில் வளைக்கப்பட்ட ஜெர்மானியர்களை விமானம் மூலம் காப்பாற்றிய முன்மாதிரியைக் காட்டி வாதாடினார்கள். அங்கே சிக்கியவர்கள் சுமார் ஒரு லட்சம், எதிரி விமானங்களின் தொல்லையும் குறைவு.

நடந்தது என்ன? மிகச் சிறந்த நாளான டிசம்பர் 19 அன்று 289 டன். சராசரி 100 முதல் 120. இழந்த விமானங்கள் ஏறக்குறைய 490. காயமடைந்தவர்களில் 25,000 பேருக்கு மேல் திரும்பும் விமானங்களில் தப்பினார்கள் என்பதை இந்த வழியின் பக்கம் நியாயமாக வரவு வைக்க வேண்டும்.

வெளியிலிருந்து மீட்பு

டிசம்பர் 12 அன்று தென்மேற்கே உள்ள கோட்டெல்னிகோவோவிலிருந்து, நான்காவது டேங்க் ராணுவத் தளபதி ஹோத்தின் மீட்புப் படை புறப்பட்டது. முன்னணியில், பிரான்சிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய 6-வது டேங்க் டிவிஷன். வளையத்தின் விளிம்புவரை 120 கிலோமீட்டர். வெர்க்னே கும்ஸ்கி என்ற சின்னஞ்சிறு ஊரைச் சுற்றி நடந்த டேங்க் சண்டையிலேயே கிட்டத்தட்ட ஒரு வாரம் கரைந்தது. 19-ஆம் தேதி மிஷ்கோவா ஆற்றை எட்டினார்கள். மீதி 48 கிலோமீட்டர். பின்னால் 3,000 டன் சரக்குடன் லாரிகள் காத்திருந்தன.

பவுலஸின் டேங்குகளில் இருந்த பெட்ரோல் 30 கிலோமீட்டருக்கு. உடைத்து வெளிவர முடியுமா என்று 23-ஆம் தேதி டெலிபிரிண்டரில் மீட்புக்குப் பொறுப்பான தளபதி மான்ஸ்டைன் கேட்டபோது, பவுலஸ் முதலில் 1,000 கனமீட்டர் பெட்ரோலும் 500 டன் உணவும் வேண்டும் என்றார். எடையில் இது 1,200 டன்னைத் தாண்டும். அன்றைய சராசரி வரத்தில், ஒரு ரொட்டிகூடக் கூடுதலாக வராமல், பத்து நாளுக்கு மேல் பிடிக்கும். உணவும் பெட்ரோலும் ஒரே விமானத்தில் இடத்துக்குப் போட்டி போட்டன. நவம்பரில் தேர்ந்த வழி டிசம்பரின் வழியை அடைத்தது.

அதே நாளில் இன்னொரு அடி. டானின் நடுப்பகுதியில் 16-ஆம் தேதி இத்தாலிய முனையை உடைத்த சோவியத் டேங்குகள், விநியோக விமானங்கள் கிளம்பும் தளங்களை நோக்கி வந்துகொண்டிருந்தன. அவற்றைத் தடுக்க ஹோத்திடமிருந்து 6-வது டேங்க் டிவிஷனைப் பிடுங்கினார்கள். விநியோகத்தைக் காக்க மீட்பைப் பலி கொடுத்தும், மறுநாள் காலை பனிமூட்டத்தில் சோவியத் தளபதி படானோவின் டேங்குகள் அவற்றில் ஒன்றான தட்சின்ஸ்கயா தளத்துக்குள் நுழைந்தன. தளம் நேரடிச் சூட்டுக்குள் வரும்வரை கிளம்பக்கூடாது என்பது கோரிங்கின் ஆணை. நூற்றுக்கும் மேற்பட்ட யுங்கர்ஸ்கள் குண்டுமழையில் எழும்பித் தப்பின. மற்றவை தரையிலேயே அழிந்தன.

ஆக, நவம்பர் 25 வாக்கில் வெளியேறும் வழி, பீரங்கிகளை இழந்தாவது, ஆட்களில் பெரும்பகுதியைக் கொண்டுவந்திருக்கும். டிசம்பர் 19-க்குப் பிறகு மீட்பும் வெளியேற்றமும் சேர்ந்து நடந்தால்தான் சிறு வாய்ப்பு. விமான விநியோகம் எந்தத் தேதியிலும் தனித்து நிற்காது.

ஆறாவது ராணுவம் ஏழு சோவியத் ராணுவங்களைக் கட்டிப்போட்டதால்தான் தெற்கே காகசஸிலிருந்த ஜெர்மானியர்கள் ரஸ்தோவ் நகர் வழியே தப்பினார்கள், ஆகவே வெளியேறாமல் அங்கேயே இருந்ததே சரி என்பது பிரபலமான வாதம். ஜனவரிக்கு அது பொருந்தும். ஆனால் நவம்பர் 24 அன்று இருக்கச் சொல்லி ஹிட்லர் உத்தரவிட்டபோது காகசஸைக் காலி செய்யும் எண்ணமே அவருக்கு இல்லை. அந்த அனுமதி டிசம்பர் இறுதியில்தான் வந்தது.