நேப்பிள்ஸில் ஒரு பகல்: பொம்பெயா, ஹெர்குலேனியமா?

சுற்றுலாக் கப்பல் இத்தாலியின் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் நிற்கும் பகலில், குடும்பத்தோடு நாமே கிளம்பிப் போக பொம்பெய், ஹெர்குலேனியம் என இரண்டு இடங்கள் உண்டு. இரண்டுமே கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை புதைத்த ஊர்கள். இரண்டுக்கும் கரிபால்டி நிலையத்திலிருந்து சொரெண்டோ போகும் அதே ரயில்தான். இரண்டிலும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். கப்பலில் விற்கும் சுற்றுலாவில் தலைக்குத் தலை பணம் கட்டுவதோடு ஒப்பிட்டால், மிச்சம் பெரிது.

பொம்பெய்க்கு 40 நிமிடம் போல ஆகும். ரயிலடிக்குப் பக்கத்திலேயே வாசல். ஆனால் அது 66 ஹெக்டேர் ஊர். நிழல் குறைவு, கரடுமுரடான கல் பாவிய தெருக்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுவது பெரும் பாடு.

ஹெர்குலேனியத்துக்கு 20 நிமிடம்தான். எர்கொலானோ ஸ்காவி நிலையத்தில் இறங்கி, கடலை நோக்கி நேராகப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். தோண்டியெடுத்த பகுதி நாலரை ஹெக்டேர் அளவே. பொம்பெயில் கல்மழையின் பாரத்தில் கூரைகள் சரிந்தன. இங்கே கொதிக்கும் வாயுவும் சாம்பலும் மரத்தைக் கரியாக்கி, அப்படியே மூடிவிட்டன. அதனால் மாடிகள், உத்திரங்கள், கதவுகள்கூட மிஞ்சின. ஒரு குழந்தைத் தொட்டிலும் கிடைத்தது. பிள்ளைகளுக்கு இது சட்டென்று புரியும்.

சின்னப் பிள்ளைகள் என்றால் தயங்காமல் ஹெர்குலேனியம். பெரிய அரங்கமும் அகன்ற சந்தைச் சதுக்கமும் பார்த்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிக்கும் பதின்வயதினர் இருந்தால் பொம்பெய். சரி, எதுவானாலும் ரயில் தாமதத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கிவிட்டுத் திரும்புங்கள். கப்பல் சுற்றுலாவில் சேராமல் தாங்களே கிளம்பிப் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.