ஹொக்கைடோ கார்ப் பயணத்துக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

மார்ச் பள்ளி விடுமுறைக்கு ஜப்பானின் ஹொக்கைடோ தீவுக்குப் போக வேண்டும் என்று ஒரு வருடமாகக் காசு சேர்த்தோம். வாடகைக் காரை நாங்களே ஓட்டிப் போய் புரானோவில் இரண்டு நாள் பனிச்சறுக்கு, அப்புறம் பியேய் பக்கம் ஒரு பால் பண்ணையில் இரண்டு இரவு. பால் கறக்கலாம் என்று சொன்னதிலிருந்து என் ஒன்பது வயது மகன் மாடு படமாக வரைந்து தள்ளினான்.

விமான டிக்கெட்டை நாங்களே எடுத்தோம். மற்ற எல்லாவற்றையும், இங்கே சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கடையின் மூலையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த பயண முகவரிடம் விட்டோம். கார், தங்குமிடம், சறுக்கு வகுப்பு, கூடவே என் கணவருக்கு அனைத்துலக ஓட்டுநர் பர்மிட்: மொத்தம் 4,600 சிங்கப்பூர் வெள்ளி. "அக்கா, நீங்க பெட்டி மட்டும் கட்டுங்க, மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். கைப்பேசியில் பேநவ் வழியாக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும்போது நிறுவனப் பெயர் வரவில்லை, அவர் பெயர்தான் வந்தது. கேட்டதற்கு, கணக்கு மாற்றும் வேலை நடக்கிறது என்றார். நம்பினோம்.

நியூ சிட்டோசே விமான நிலையத்தில் கார் வாடகைக் கவுண்டர். அங்கிருந்த பெண் எங்கள் பர்மிட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பொன்னிற எழுத்து போட்ட பிளாஸ்டிக் அட்டை அது. பிறகு மேசைக்கு அடியிலிருந்து ஒரு மாதிரிப் படத்தை எடுத்து வைத்தார். அது சிறு புத்தகம் போல இருந்தது. அதன் மேலட்டையில் இருந்த 1949 என்ற எண்ணை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு, எங்கள் அட்டையைத் தொட்டுத் தலையை ஆட்டினார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்குத்தான் கை நடுங்கியது.

சிங்கப்பூர் லைசென்ஸ் வைத்திருப்பவர் ஜப்பானில் கார் ஓட்ட, 1949 ஜெனிவா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படி கொடுத்த பர்மிட் வேண்டும். சிங்கப்பூரில் அதைக் கொடுக்க அதிகாரம் உள்ளது சிங்கப்பூர் ஆட்டோமொபைல் சங்கத்துக்கு மட்டும்தான். இணையத்தில் விற்கும் அட்டைகள் எதுவும் செல்லாது. அந்த அட்டையோடு எப்படியாவது ஓட்டியிருந்தால், பனிச்சாலையில் லைசென்ஸ் இல்லாமல் பிள்ளைகளை ஏற்றிப் போனதாக ஆகியிருக்கும். விபத்து நடந்திருந்தால்? இன்றும் அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

பெட்டிகளை இழுத்துக்கொண்டு ரயிலில் சப்போரோ, தகிகாவா என்று மாறி மாறிப் புரானோ போய்ச் சேர்ந்தோம். சறுக்கு வகுப்பில் எங்கள் பெயர் இல்லை. மறுபடி பணம் கட்டினோம். பண்ணைக்குத் தங்கும் விடுதிக்காரரை விட்டு போன் செய்தால், பனி உருகி மே மாதம் வந்த பிறகுதான் விருந்தினரை எடுப்பார்களாம். எங்கள் பெயரில் எந்தப் பதிவும் இல்லை. மகன் ஒன்றும் பேசாமல் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான்.

முகவருக்கு அனுப்பிய செய்திகளில் நீல டிக் விழுந்தது. மூன்றாம் நாள் வாட்ஸ்அப்பில் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

திரும்பி வந்ததும் போலீஸ் புகார் கொடுத்தோம், பயனீட்டாளர் சங்கத்திலும் சொன்னோம். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. இங்கே பயணத் தொகுப்பு விற்க சிங்கப்பூர் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலைக் கழகத்தின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். எங்கள் முகவர் அதில் இல்லை. தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை.

சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இதே போல ஏமாந்தவர்கள் பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், கொடுத்த அட்டை எதையும் அழிக்காமல் வைத்திருங்கள். எங்களுக்கு உதவியது அவைதான்.

இன்னொன்று. அவர் காட்டிய விளம்பரத்தில் ஊதா நிற லாவெண்டர் வயல் படம் இருந்தது. புரானோவில் லாவெண்டர் பூப்பது ஜூலையில், மார்ச்சில் அந்த வயல் பனிக்கு அடியில் கிடக்கும். நேற்று அதே படம் என் தங்கையின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்திருக்கிறது, வேறு பெயரில், டிசம்பர் விடுமுறைக்கு.