பிபிசி மைக்ரோவில் பை மாட்டி இரண்டு வருஷம்: கொள்ளாமா?

"எடே, பிபிசி மைக்ரோவில் ராஸ்பெர்ரி பை மாட்டினியே, அது கொள்ளாமாடே?" என்று தக்கலை நண்பன் கேட்டான். பிபிசி மைக்ரோ, எண்பதுகளில் ஏகார்ன் கம்பெனி செய்த கணினி. பை, அதற்கு இரண்டாம் பிராசசராக நான் மாட்டிய குட்டிக் கணினி. கேட்ட நேரம் சரியில்லை. முந்தின நாள்தான் பவர் சப்ளையில் ஒரு கெபாசிட்டர் 'டப்' என்று போய், வீடெல்லாம் புகை. நாகர்கோவில் டிவி மெக்கானிக் அண்ணாச்சி மாற்றித் தந்தார். அதில் பையின் குற்றம் ஒன்றுமில்லை. நாற்பது வருடப் பெட்டி, குளச்சல் உப்புக்காற்று. உறை விரிசல் விட்டு ஈரம் இறங்கினால் அந்த ரகக் கெபாசிட்டர் அப்படித்தான் போகும். 1984-ல் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்ததும் இதே பிபிசிதான். எனக்குக் கிடைத்தது பழைய சாமான்களோடு ஏலத்தில்.

இரண்டாம் பிராசசர் மாட்டவென்றே அடியில் இருக்கும் 40 பின் டியூப் சாக்கெட், 5 வோல்ட்டை 3.3 ஆக்க ஒரு சின்னப் பலகை, பை ஜீரோ. அவ்வளவுதான் வேலை. மோட் 0 என்ற திரை அமைப்பைப் போட்டால் திரையே 20 கேபி நினைவகத்தைத் தின்றுவிடும். டிஸ்க் எடுத்துக்கொள்வதும் போக, பேசிக் ப்ரோகிராமுக்கு ஆறு கேபிகூட மிஞ்சாது. டியூபில் ஓடும்போது திரை பிபிசிப் பக்கம், ப்ரோகிராம் பை பக்கம். எந்த மோடிலும் 30 கேபி அப்படியே நிற்கும். வேகத்தைக் கேட்கவே வேண்டாம். முன்பு மாண்டெல்பிராட் படத்தை ஓடவிட்டு உறங்கப் போவேன். இப்போது சாயா ஆறுவதற்குள் முடிகிறது.

எரிச்சல் பிராசசர் மாற்றுவதில்தான். 6502, இசட்80, 6809 என்று பல பழைய பிராசசர்களாகப் பை வேஷம் போடும். இசட்80 வேண்டுமா, ஸ்டார் எஃப்எக்ஸ் 151,230,4 என்று அடித்து, கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு பிரேக்கைத் தட்ட வேண்டும். 6502-க்குத் திரும்ப நாலுக்குப் பதில் பூஜ்யம், மறுபடி அதே கூத்து. எண்கள் நினைவில் நிற்காமல், ஃபங்ஷன் கீகளுக்கு மேலே உள்ள பிளாஸ்டிக் பட்டைக்கடியில் எழுதிச் செருகினேன். மை பரவி இப்போது நாலும் ஒன்பதும் ஒன்றுபோல இருக்கின்றன. இசட்80 கேட்டால் 6809 வந்து விழிக்கிறது.

அப்புறம் மகனுடைய கேம்கள். பழைய கேம்கள் பல, திரை நினைவகத்தில் நேரே எழுதும். டியூப் ஓடும்போது அதெல்லாம் பையின் நினைவகத்தில் போய் விழும். திரை வெறுமனே கிடக்கும். போன சனிக்கிழமை அவனுக்காக டியூபை அணைத்தேன். ரப்பர் ஷீட் கணக்குக்காக எழுதிய 250 வரி ப்ரோகிராம், சேமிக்க மறந்தது, போயே போச்சு. மறந்தது நான்தான், சரி. ஆனாலும் ஏகார்ன் அந்தக் காலத்தில் விற்ற இரண்டாம் பிராசசர் பெட்டியில் தனி பவர் சுவிட்சே இருந்தது. கை அங்கே போகும்போதாவது சேமித்தோமா என்று ஒரு யோசனை வந்திருக்கும்.

அதனால் நண்பனிடம், "அந்தச் சவம் உனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் கழற்றித் தன்னிடம் தரச் சொல்கிறான். அது நடக்காது. அண்ணாச்சி பெட்டியைத் தந்த அன்று, மூடியைக்கூடப் போடாமல் முதலில் மாட்டியது பையின் கேபிளைத்தான்.