ரிசார்ட் வேலையில் லேடீஸ் குரூப்: சேரலாமா?

குன்னூர் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன். தலைமை அலுவலகம் சென்னையில். அங்கிருந்து தொடங்கிய பெண் ஊழியர் குழுவுக்கு மெயிலில் 'எம்ப்ளாயி ரிசோர்ஸ் குரூப்' என்று பெயர். எங்களுக்கு அது லேடீஸ் குரூப். சேரக் கட்டணம் இல்லை, சம்பளத்தில் பிடித்தமும் இல்லை. மாதம் ஒரு மீட்டிங், ஒரு வாட்ஸ்அப் குரூப், அவ்வளவுதான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் "சேர்ந்தா என்னக்கா கிடைக்கும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஸ்வெட்டர் கதை. எங்கள் யூனிஃபார்ம் மெல்லிய சேலை, அரைக்கை ரவிக்கை. சென்னை வெயிலுக்குத் தேர்ந்தெடுத்தது. மார்கழி, தை மாதங்களில் காலை ஆறு மணி ஷிப்டுக்கு அதைக் கட்டிக்கொண்டு நின்றால் கம்ப்யூட்டரில் விரல் ஓடாது. மேலே ஸ்வெட்டர் போடக் கூடாது, கெஸ்ட் பார்வைக்கு நன்றாக இருக்காது என்றார்கள். ஒவ்வொருத்தியும் தனித்தனியாகப் போய்க் கேட்டோம். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்ற பதில்தான் வந்தது. குரூப் மீட்டிங்கில் லாண்டரி, கிச்சன், ரிசப்ஷன் என்று எல்லாரும் அதையே சொன்னபோதுதான் விஷயம் மாறியது. கொடைக்கானல் கிளையிலும் இதே குறை இருந்தது. குரூப்புக்குப் பொறுப்பாக ஒரு பெரிய அதிகாரி இருக்கிறார், ஸ்பான்சர் என்பார்கள். அவர் எடுத்துப் பேசினார். அடுத்த குளிருக்கு முழுக்கை மெரூன் ஸ்வெட்டர் யூனிஃபார்மிலேயே சேர்ந்துவிட்டது. அதுவரை 'இந்தப் பொண்ணுக்குக் குளிர் தாங்கலை' என்று இருந்த பேச்சு, இரண்டு மலைக் கிளைகளின் பிரச்சினையாக மேலே போனது. என்னைக் கேட்டால் குரூப்பின் மொத்தப் பயனும் இதில்தான் இருக்கிறது.

இன்னொன்று ராத்திரி வண்டி. சீசனில் செகண்ட் ஷிப்ட் முடிய பத்தரை ஆகிவிடும். கம்பெனி வேன் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து எஸ்டேட் லைன் வீடுகளுக்குத் தேயிலைக்குள் நடக்க வேண்டும். மூடுபனியில் எதிரே நிற்பது காட்டெருமையா பாறையா என்று பக்கத்தில் போகும்வரை தெரியாது. ஹவுஸ்கீப்பிங்கில் ஒரு அக்கா மீட்டிங்கில் சொன்னார்: "கரடிக்குப் பயந்துதான் செகண்ட் ஷிப்ட் வேண்டாம்னேன். அவங்க என்னைச் சோம்பேறின்னு நெனச்சிட்டாங்க." செகண்ட் ஷிப்ட் எடுக்காதவர்களுக்கு சூப்பர்வைசர் ட்ரெய்னிங்கும் கிடையாது. ஆக, வேன் நின்ற இடம் ஒருத்தியின் பதவி உயர்வையே தடுத்து வைத்திருக்கிறது! இப்போது வேன் லைன் வாசல்வரை போகிறது. அந்த அக்கா ட்ரெய்னிங்கில் சேர்ந்துவிட்டார்.

இப்படிக் குழுக்கள் சேர்வது புதிதில்லை. அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரில் 1964-ல் இனக் கலவரம் நடந்தது. அங்கே இயங்கிய ஜெராக்ஸ் கம்பெனியில் கறுப்பின ஊழியர்கள் பாகுபாட்டை எதிர்த்து ஒன்று சேர்ந்து, 1970-ல் தங்களுக்கென்று குழு அமைத்தார்கள். இவ்வகைக் குழுக்களின் தொடக்கமாக அதைத்தான் சொல்கிறார்கள்.

குறைகளும் உண்டு. மீட்டிங் பதினொரு மணிக்கு, வீடியோவில், ஆங்கிலத்தில். பதினொரு மணி என்றால் செக்-அவுட் நேரம். ரூம் துடைக்கும் பெண்கள் எப்படி வருவார்கள்? ஜார்க்கண்டிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் புரியாது, தமிழும் புரியாது. இந்தி தெரிந்த கூடலூர்க்காரப் பெண் ஒருத்திதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறாள். அவள் செய்யும் இந்த வேலை அப்ரைசலில் ஒரு வரியாகக்கூட ஏறுவதில்லை. ஏற வேண்டும். மகளிர் தினக் கேக்குக்கும் பேனருக்கும் போகிற பணத்தில் பாதியை அவளைப் போன்றவர்களுக்குக் கொடுக்கலாம்.

புதியவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். பாலியல் தொல்லை பற்றிய புகாரை இந்த வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். எங்களில் ஒரு பெண் ஆற்றாமையில் போட்டுவிட்டாள். அவள் பெயர் எல்லாக் கிளைக்கும் பரவி, கடைசியில் அவள்தான் வேலையை விட்டுப் போனாள். இன்றும் மனசு ஆறவில்லை. 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். தலைவர் ஒரு பெண். வெளியாள் ஒருவரும் உறுப்பினர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். புகார் கொடுத்தவர் பெயரை வெளியிடக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பாதுகாப்பு லேடீஸ் குரூப்பில் கிடையாது. சம்பளம், போனஸ் பேச்சுக்கும் இது இடமில்லை. நிர்வாகத்தின் பணத்தில் நடக்கும் குழு நிர்வாகத்தோடு பேரம் பேச முடியாது. அதற்கு யூனியன்தான்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். மீட்டிங்கை மதியம் மூன்று மணிக்கு மாற்றி, தமிழிலும் இந்தியிலும் நடத்தினால் மீதி ஒன்றையும் தரலாம். சேர விரும்புகிறவர்கள் எச்.ஆருக்கு மெயில் போட்டால் போதும். கம்பெனி மெயில் இல்லாத ஹவுஸ்கீப்பிங், லாண்டரி, தோட்ட வேலைப் பெண்கள் ரிசப்ஷனில் பெயரைச் சொல்லுங்கள். நாங்களே எழுதிச் சேர்த்துவிடுகிறோம்.