வேகமா, ஈர்ப்பா: கடிகாரத்தை அதிகம் மாற்றுவது எது?

கைப்பேசியில் வழி பார்க்கும்போது நீலப் புள்ளி நாம் நிற்கும் தெருவிலேயே நிற்கிறது. அதற்காக, வானில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்களை மாற்றும் இரண்டு விளைவுகளைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

முதலாவது வேகம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் நொடிக்குச் சுமார் 3.9 கி.மீ. ஓடுகிறது. நொடிக்கு 3 லட்சம் கி.மீ. போகும் ஒளிக்கு முன்னால் இது தூசு. ஆனாலும் அதிலுள்ள அணுக் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோநொடி (நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரோநொடி) பின்தங்குகிறது.

ஈர்ப்பு நேர்மாறு. 20,200 கி.மீ. உயரத்தில் பூமியின் பிடி தளர்வதால், அதே கடிகாரம் 45 மைக்ரோநொடி முந்துகிறது. கூட்டிக் கழித்தால் 38 முந்தல். சிக்னல் வந்து சேரும் நேரத்தை வைத்துத்தான் கைப்பேசி தூரத்தைக் கணக்கிடுகிறது; ஒரு மைக்ரோநொடியில் ஒளி 300 மீட்டர் போய்விடும். அப்படியே விட்டால் ஒரே நாளில் 11 கி.மீ. பிழை சேரும்! அதனால்தான் ஏவும் முன்பே கடிகாரத்தின் 10.23 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை 10.22999999543 ஆகக் குறைத்து வைக்கிறார்கள். அந்தக் கடைசி இலக்கங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, எப்போதும் ஈர்ப்புதான் ஜெயிக்குமா? இல்லை. சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வேகத்தின் கையே ஓங்கியிருக்கிறது. அங்கே கடிகாரம் மெதுவாகத்தான் ஓடும். இரண்டும் சமமாவது ஏறத்தாழ 3,200 கி.மீ. உயரத்தில்.

என்னைக் கேட்டால், ஈர்ப்புதான் பெரிய அதிசயம். 2010இல் அமெரிக்காவின் போல்டர் நகர ஆய்வகத்தில் ஒரு கடிகாரத்தை வெறும் 33 செ.மீ., அதாவது இரண்டு படி உயரம், தூக்கி வைத்தார்கள். அதற்கே அது வேகமாக ஓடியது.